ஸ்பாம் என்று அழுத்தியவரிடம் நியாயம் கேட்கலாமா?

வாசகர் கேள்வி, 4 மார்ச் 2025

வாரம் ஒரு செய்திமடல் அனுப்புகிறேன். 3,200 சந்தாதாரர்கள். ஒருவரைக்கூட நானாகச் சேர்க்கவில்லை, எல்லோரும் படிவத்தை நிரப்பிச் சேர்ந்தவர்கள். போன வார மடலை 11 பேர் ‘ஸ்பாம்’ என்று குறித்திருக்கிறார்கள். இப்படியே போனால் கணக்கை நிறுத்திவிடுவோம் என்று மடல் அனுப்பும் சேவைக்காரர்கள் எச்சரித்துவிட்டார்கள். அந்த 11 பேரின் முகவரியும் என்னிடம் இருக்கிறது. ஆளுக்கொரு கடிதம் எழுதி, ‘நீங்களே சேர்ந்துவிட்டு இப்படிச் செய்யலாமா’ என்று கேட்பதில் என்ன தப்பு?

4 மார்ச் 2025, இரவு

எழுதாதீர்கள். முதலில் 11 பேரையும் பட்டியலிலிருந்து எடுங்கள். மற்றதை நாளைக்குப் பேசுவோம்.

நான் எழுதிப் பார்த்தவன், அதனால்தான் இந்த அவசரம். மடல் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் எனக்கு 14 பேர். ரொம்பப் பணிவாகத்தான் எழுதினேன் என்று அப்போது நினைப்பு: ‘தாங்கள் இன்ன தேதியில் தாங்களாகவே சேர்ந்தீர்கள், விலக விரும்பினால் அடியில் இணைப்பு இருக்கிறதே.’ இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் கைதவறி அழுத்திவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். இன்னொருவர் எழுதியதை இங்கே போட முடியாது. மீதிப் பேரில் ஐந்து பேர் அந்தப் பணிவான கடிதத்தையும் ஸ்பாம் என்று குறித்தார்கள். அதை என் சொந்த முகவரியிலிருந்து அனுப்பியிருந்தேன், மடலும் அதே டொமைன் (முகவரியில் @-க்குப் பிறகு வரும் பெயர்). அப்புறம் சில வாரங்களுக்கு நண்பர்களுக்கு நான் எழுதிய கடிதம்கூட அவர்களுடைய ஸ்பாம் பெட்டியில் போய் உட்கார்ந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

5 மார்ச் 2025

‘அந்த 11 பேரின் முகவரியும் என்னிடம் இருக்கிறது’ என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரி காலையில்தான் உறைத்தது. அந்த முகவரிகள் உங்கள் கைக்கு வந்த வழி தெரிந்தால் 11 என்ற எண்ணையே நம்ப மாட்டீர்கள்.

ஒருவர் பொத்தானை அழுத்தியதும் அவருடைய மெயில் நிறுவனம், பதிவு செய்துவைத்திருக்கும் அனுப்புநருக்கு ஓர் அறிக்கை அனுப்புகிறது. ஃபீட்பேக் லூப் என்பார்கள். அந்த அறிக்கையின் வடிவத்தை 2010-இல் வந்த ஆர்எஃப்சி 5965 என்ற இணையத் தரநிலை ஆவணம் வகுத்தது. மூன்று துண்டு: மனிதர் படிக்க ஒரு பத்தி, நிரல் படிக்கச் சில வரிகள், கடைசியில் நீங்கள் அனுப்பிய மடலின் நகல். புகார் செய்தவரின் முகவரியை மறைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு மடலுக்குள்ளும் அந்தச் சந்தாதாரருக்கென்று ஒரு குறியீட்டைப் பொதித்தே அனுப்புவார்கள். நிரலாளர் டேனியல் பெர்ன்ஸ்டைன் 1990-களில் சொன்ன ‘வெர்ப்’ முறையும் இதே யோசனைதான், மடல் திரும்பி வரும் முகவரியையே ஆளுக்கு ஒன்றாக மாற்றிவிடுவது. செல்லாத முகவரிகளைக் கண்டுபிடிக்கச் செய்தது, இதற்கும் கைகொடுக்கிறது.

இந்த அறிக்கையை எல்லோரும் தருவதில்லை. யாஹூ தருகிறது, டிகிம் கையொப்பத்தில் (மடல் இன்ன டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் மின்முத்திரை) உள்ள டொமைனைப் பார்த்து. மைக்ரோசாஃப்ட் தருகிறது, அனுப்பும் ஐபி முகவரியைப் பார்த்து. ஜிமெயில் ஆளைக் காட்டிக்கொடுக்காது, அனுப்புநர்களுக்கென்று வைத்திருக்கும் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் பக்கத்தில், அந்தந்த நாள் எத்தனை விழுக்காடு புகார் என்று காட்டுவதோடு சரி. மடல் எண்ணிக்கை குறைவாக இருந்தால் அதுவும் வராது. ஐகிளவுட்டில் லூப் என்பதே இல்லை.

ஆக, உங்கள் 11 பேரும் காட்டிக்கொடுக்கிற நிறுவனங்களில் கணக்கு வைத்திருக்கிறவர்கள். உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் ஜிமெயில் என்றால், அங்கே எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று உங்களுக்கு ஒருநாளும் பெயரோடு தெரியப்போவதில்லை. கடிதம் எழுதிக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டாலும் அவர்களிடம் கேட்க முடியாது.

5 மார்ச் 2025, சற்று பிறகு

11-ஐ 3,200-ஆல் வகுத்தால் 0.34 விழுக்காடு. கூகுள் சொல்லும் வரம்பு: 0.1-க்குக் கீழே வைத்துக்கொள், 0.3-ஐத் தொடவே தொடாதே. ஆயிரம் மடலுக்கு மூன்று பேர் முகம் சுளித்தால் போதும், ஆபத்துப் பகுதிக்கு வந்துவிடுகிறீர்கள். உங்கள் சேவைக்காரர்கள் பதறியதில் அர்த்தம் இருக்கிறது. ஒரே சர்வரிலிருந்து உங்களைப் போலப் பல பேருக்கு அனுப்பிக்கொடுக்கிறார்கள், உங்களால் கெடுகிற பெயர் அடுத்தவர் தலையிலும் விழும்.

8 மார்ச் 2025

‘ஏன் அழுத்துகிறார்கள்’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மடல் பிடிக்கவில்லை என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படி நினைத்துத்தான் ஒரு காலத்தில் ஒவ்வொரு புகாருக்கும் ஒரு ராத்திரி தூங்காமல் கிடந்தேன்.

அவர்கள் கண்ணால் பாருங்கள். கைபேசித் திரையில் மடல் திறந்திருக்கிறது. ஸ்பாம் பொத்தான் மேலேயோ, ஒரு தட்டில் விரியும் பட்டியலிலோ, பழகிய இடத்தில் இருக்கிறது. உங்கள் விலகல் இணைப்பு மடலின் அடியில், வெளிர் சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில். அதைத் தேடிக் கண்டுபிடித்துத் தட்டினால் ஒரு பக்கம் திறக்கும். அங்கே ‘உள்நுழையவும்’ என்று இருக்கும். எந்தக் கடவுச்சொல்? மூன்று வருடத்துக்கு முன் எதையோ தட்டிச் சேர்ந்தவர் அவர். திரும்பி வந்து ஸ்பாமை அழுத்துவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். செய்தும் இருக்கிறேன், நானே விரும்பிச் சேர்ந்த ஒரு மடலுக்கு.

(கடவுச்சொல் கேட்பது வெறும் மரியாதைக்குறைவு மட்டும் இல்லை. அமெரிக்காவின் கேன்-ஸ்பாம் சட்டத்தின் கீழ் 2008-இல் வந்த விதிப்படி, வணிக மடலிலிருந்து விலக ஒரு பதில் மடல் அல்லது ஒரே ஒரு வலைப்பக்கம், இதற்கு மேல் ஒருவரை அலையவிடக் கூடாது. மின்னஞ்சல் முகவரியையும் எந்தெந்த மடல் வேண்டாம் என்பதையும் தவிர வேறு விவரமும் கேட்கக் கூடாது.)

இன்னொரு காரணம் மறதி. சேர்ந்த நாளுக்கும் முதல் மடலுக்கும் நடுவே நாலு மாதம் போய்விட்டால், சேர்ந்தவரே உங்களை அந்நியராகத்தான் பார்ப்பார். என் பட்டியலில் ஒரே வாரத்தில் புகார் மூன்று மடங்கானது ஒரு தடவைதான். அந்த வாரம் உள்ளடக்கத்தில் எந்தக் கோளாறும் இல்லை. அனுப்புநர் பெயரில் என் பெயரை எடுத்துவிட்டு மடலின் பெயரைப் போட்டிருந்தேன், பார்க்க லட்சணமாக இருக்கும் என்று. என் பெயரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது யாரோ ஒரு கம்பெனி. அடுத்த வாரம் பழையபடி பெயரைப் போட்டேன், அடங்கிவிட்டது.

9 மார்ச் 2025

சேர்க்க மறந்தது. சிலர் ஸ்பாம் பொத்தானை அழிக்கும் பொத்தான் மாதிரிதான் பயன்படுத்துகிறார்கள். இருபது மடலைத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டு. அதில் உங்கள் மடலும் ஒன்று, உறவுக்காரர் அனுப்பிய அழைப்பிதழும் ஒன்று. இதற்கெல்லாம் மனம் நோவதற்கு ஒன்றுமில்லை.

12 மார்ச் 2025

திருத்தம். ஒருவர் தனியாக எழுதிச் சுட்டிக்காட்டினார். 0.3 வரம்பு நாளுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்குத்தானே, 3,200 பேருக்கு அனுப்புகிறவருக்கு எதற்கு என்று. நானும் ஒரு நிமிடம் தடுமாறிப்போய் விதியைத் திரும்பப் படித்தேன். புகார் விகிதம் ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் பொது. 5,000 என்ற கணக்கு வேறு சில கூடுதல் கட்டளைகளுக்கு: எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் இரண்டும் வேண்டும், டிமார்க் (இந்தச் சோதனைகளில் தேறாத மடலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) வேண்டும், ஒரே தட்டில் விலகும் வசதி வேண்டும். கூகுளும் யாஹூவும் 2023 அக்டோபரில் அறிவித்து 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவை இவை. ஒரே தட்டு விஷயத்துக்கு மட்டும் கூகுள் 2024 ஜூன் வரை தவணை கொடுத்தது.

ஒரு எச்சரிக்கை: ஒரே ஒரு நாள் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 தாண்டினாலும் கூகுள் கணக்கில் நீங்கள் நிரந்தரமாக மொத்தமாக மடல் அனுப்புகிறவர். துணை டொமைன்களில் பிரித்து அனுப்பினாலும் மூல டொமைனோடு சேர்த்துத்தான் எண்ணுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்க வேண்டாம்.

15 மார்ச் 2025

எடுத்துவிட்டீர்களா என்று கேட்டதற்கு ‘11 பேரையும் அழித்துவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அழித்தீர்களா, தடுத்தீர்களா? இரண்டும் வேறு.

என் கதை. ஒரு அம்மையார் விலகினார், நான் வரிசையை அழித்தேன். ஆறு மாதம் கழித்து எக்செல் கோப்பு ஒன்று கெட்டுப்போய், பழைய நகலிலிருந்து பட்டியலை மீட்டேன். அவரும் மீண்டார். மடல் போனது, ஸ்பாம் என்று குறித்தார், மறுபடி அழித்தேன். அடுத்த வருடம் வேறு சேவைக்கு மாறும்போது எந்தப் புண்ணியவானோ (நான்தான்) அதே பழைய நகலை ஏற்றிவிட்டார். மூன்றாம் முறை அவர் பொத்தானை அழுத்தவில்லை. என் டொமைனின் ‘அப்யூஸ்’ முகவரிக்கு நேராக எழுதினார். 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2142 காலத்திலிருந்தே புகார் வாங்குவதற்கென்று ஒதுக்கிய பெயர் அது, எல்லா டொமைனிலும் இருக்க வேண்டும், யாராவது படிக்க வேண்டும். என்னிடம் அந்தப் பெட்டியே இல்லை. கடிதம் முட்டித் திரும்பியது. அவர் அடுத்ததாக எனக்குச் சர்வரை வாடகைக்கு விட்டிருந்த நிறுவனத்துக்கு எழுதினார். நான்கு நாள் என் மடல் மட்டும் இல்லை, தளமும் நின்றது.

அந்த அம்மையார் பக்கம் முழு நியாயம் இருந்தது. மூன்று தடவை ‘வேண்டாம்’ என்றவர்.

அதனால் தடுப்புப் பட்டியல் என்று ஒன்று தனியாக வேண்டும். விலகியவர், புகார் செய்தவர் எல்லோரும் அதில். அனுப்பும் முன் ஒவ்வொரு தடவையும் அதோடு ஒப்பிட வேண்டும். விலகியவர்களின் முகவரியை வைத்திருப்பது சரியா என்று தனியுரிமை பேசுகிறவர்கள் கேட்பார்கள். ஹாஷ் செய்து (திரும்பப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி) வைத்துக்கொள்ளலாம், ஒப்பிடுவதற்கு அது போதும். அதில் போனவர் நிரந்தரமாகப் போனவர், எந்தக் காரணத்துக்கும் திரும்ப எடுக்கக் கூடாது.

16 மார்ச் 2025

‘அப்யூஸ்’ பெட்டியை இன்றைக்கே திறந்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

22 மார்ச் 2025

ஒரே தட்டில் விலகுவது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மடலின் ஹெட்டரில் (மடலோடு கண்ணுக்குத் தெரியாமல் போகும் தலைப்பு வரிகளில்) ‘லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்’ என்று ஒரு வரி. 1998-இல் ஆர்எஃப்சி 2369 தந்தது. மெயில் நிறுவனம் அதைப் பார்த்து அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு விலகல் பொத்தானைக் காட்டும். ஸ்பாம் பொத்தானுக்குச் சரிநிகராக உங்கள் கதவையும் கொண்டுபோய் வைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

அதிலே ஒரு வில்லங்கம் இருந்தது. எனக்கு ஒருமுறை மடல் கிளம்பிய இரண்டே நிமிடத்தில் 40 பேர் விலகினார்கள். எல்லோரும் ஒரே அலுவலக டொமைன். என்ன எழுதினோம், யார் மனதைப் புண்படுத்தினோம் என்று மடலை நாலு தடவை படித்தேன். ஒன்றுமில்லை. அந்த அலுவலகத்தின் வைரஸ் தடுப்பு மென்பொருள், மடலில் உள்ள ஒவ்வொரு இணைப்பையும் திறந்து சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுமாம். விலகல் இணைப்பையும் திறந்தது. என் நிரலோ திறந்தாலே விலக்கிவிடும் ரகம்.

2017-இல் வந்த ஆர்எஃப்சி 8058 இதைத்தான் சரிசெய்கிறது. சும்மா திறந்தால் (கெட் கோரிக்கை) விலக்கக் கூடாது, பொத்தானை மனிதர் தட்டும்போது வருகிற போஸ்ட் கோரிக்கைக்கு மட்டுமே விலக்க வேண்டும். அதற்கு ‘லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்-போஸ்ட்’ என்று இரண்டாவது ஹெட்டர் வரி. இரண்டு வரியையும் டிகிம் கையொப்பம் மூடியிருக்க வேண்டும். மடலுக்குள் இருக்கும் சாதாரண இணைப்புக்கு, திறந்ததும் ‘விலகு’ என்று ஒரே ஒரு பொத்தான் காட்டும் பக்கம் போதும். மென்பொருள் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் போய்விடும், பொத்தானைத் தட்டாது.

விலகியவரை எத்தனை நாளில் எடுக்க வேண்டும்? கேன்-ஸ்பாம் சட்டம் 10 வேலை நாள் தருகிறது. கூகுள் 2 நாள் என்கிறது. நடுவில் ஒரு மடல் போனால் அது நிச்சயம் ஸ்பாம் பெட்டிக்குத்தான், அதனால் உடனே எடுங்கள்.

23 மார்ச் 2025

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். ‘எரிதம்’ என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறதே, அதை ஏன் எழுதவில்லை என்று ஒருவர். நல்ல சொல்தான், வாங்கும்போது எரிகிறதே. ஆனால் பொத்தானில் ‘ஸ்பாம்’ என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு முன்னால் எரிதம் என்றால் வயிற்றெரிச்சலுக்கு மருந்து விற்கிற மடல் என்று நினைத்து, அதையும் குறித்துவிடுவார்கள்.

இந்த வம்பின் ஆதி எது என்று தேடினால் 3 மே 1978-க்குப் போக வேண்டும். டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷனில் விற்பனையில் இருந்த கேரி துர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்குப் புதுக் கணினியின் அறிமுகக் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பினார். முகவரிகள் அச்சிட்ட அடைவிலிருந்து எடுத்தவை. அன்றைக்குப் பொத்தான் ஏது, வலையமைப்பை நிர்வகித்தவர்களிடமே நேராகப் புகார் போனது, அவர்கள் கண்டித்தார்கள். அந்த 400 பேரும் அவரிடம் சந்தா சேர்ந்தவர்கள் இல்லை. அந்த வகையில் நீங்களும் நானும் அவரைவிட நல்லவர்கள், ஆனால் வாங்குகிற அடி ஒன்றுதான்.

2 ஏப்ரல் 2025

இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

போன வருடம் இரண்டு மாதம் என் போஸ்ட்மாஸ்டர் வரைபடம் பூஜ்யத்தில் படுத்திருந்தது. புகாரே இல்லை. ஒன்பது வருட உழைப்பு பலித்துவிட்டது என்று மார்தட்டிக்கொண்டேன். பதில் மடல்களும் நின்றுபோயிருந்தன, அதை மட்டும் கவனிக்கவில்லை. கடைசியில் ஒரு நண்பர் ‘மடலை நிறுத்திவிட்டாயா’ என்று கேட்டார். அவருடைய ஸ்பாம் பெட்டியில் எட்டு மடல் வரிசையாக இருந்தது.

கணக்கு இப்படி: கூகுள் அந்த விழுக்காட்டை இன்பாக்ஸுக்குள் போன மடல்களை வைத்துப் போடுகிறது. ஏற்கனவே ஸ்பாம் பெட்டிக்குள் கிடக்கும் மடலை யார் எடுத்து ஸ்பாம் என்று குறிப்பார்கள்? பெயர் முழுக்கக் கெட்ட பிறகு புகார் வராது. 5 மார்ச் அன்று நான் போட்ட 0.34 கணக்கும் அதே காரணத்தால் அரைகுறைதான். எதால் வகுக்க வேண்டும் என்றால், அந்த எண் 3,200 இல்லை, இன்பாக்ஸ் வரை போனவர்கள் எத்தனை என்பது.

எனவே எண் திடீரென்று இறங்கினால் திறப்பவர்கள், தட்டுபவர்கள், பதில் எழுதுபவர்கள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். அவர்களும் சேர்ந்து இறங்கியிருந்தால் கொண்டாட ஒன்றுமில்லை.

10 ஏப்ரல் 2025

பொத்தான் புகாருக்குப் பதில் எழுதாதே என்றேன். கடிதமாக வருகிற புகாருக்கு எழுதத்தான் வேண்டும். ‘நான் உங்கள் மடலில் சேரவே இல்லை, என் முகவரி எப்படிக் கிடைத்தது?’ என்று ஒருவர் உட்கார்ந்து எழுதினால் அவருக்கு ஒரு மனிதர் பதில் சொல்ல வேண்டும்.

பெரும்பாலும் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். அதே பெயருள்ள இன்னொருவர் ஓர் எழுத்து மாற்றித் தட்டியிருப்பார். என் பெயரில் ஊருலகத்தில் நிறையப் பேர், அதனால் யார் யாருக்கோ வர வேண்டிய ரசீதெல்லாம் எனக்கு வருகிறது. உறுதிப்படுத்தும் மடல் அனுப்பி, அதில் உள்ள இணைப்பைத் தட்டினால் மட்டும் சேர்ப்பது என்று வைத்தால் இந்தத் தொல்லை போகும். உங்கள் படிவத்தில் அது இல்லை என்று நினைக்கிறேன், ‘படிவத்தை நிரப்பிச் சேர்ந்தவர்கள்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தீர்கள்.

இன்னொரு கெட்ட வகையும் உண்டு. ஒருவரைத் தொல்லைப்படுத்த நிரல் ஒன்று அவருடைய முகவரியை ஆயிரக்கணக்கான படிவங்களில் நிரப்பும். சில சமயம், அவருடைய வங்கியிலிருந்து வரும் எச்சரிக்கையை அந்தக் குப்பைக்குள் புதைப்பதற்காக. 2016 ஆகஸ்டில் இது பெரிய அளவில் நடந்து, திறந்த படிவம் வைத்திருந்த பல அனுப்புநர்கள் ஸ்பாம்ஹவுஸ் என்ற ஸ்பாம் எதிர்ப்பு அமைப்பின் தடைப்பட்டியலில் ஏறினார்கள். இங்கே உறுதிப்படுத்தும் மடல் பாதி மருந்துதான், ஏனென்றால் அந்த ஆயிரத்தில் ஒன்றாக அதுவும் போய் விழும். படிவத்தில் கேப்ட்சாவும் (நிரப்புவது மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை) வேண்டும்.

பதில் என்ன எழுதுவது? என் முதல் வரைவு ஒரு பக்கம் இருந்தது. சேர்ந்த தேதி, நேரம், ஐபி முகவரி, எந்தப் பக்கத்துப் படிவம், எல்லாம் சாட்சிக் கூண்டில் ஏறியவன் மாதிரி. இப்போது அனுப்புவது:

‘உங்கள் முகவரியை நீக்கிவிட்டேன், இனி மடல் வராது. தொந்தரவுக்கு வருந்துகிறேன். எப்படிச் சேர்ந்தது என்ற பதிவு என்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.’

கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. கேட்டால் கையில் இருக்க வேண்டும், அதற்காகத்தான் அந்தத் தேதியும் நேரமும்.

10 ஏப்ரல் 2025, மாலை

‘உறுதிப்படுத்தி வைத்தால் தொல்லை போகும்’ என்று காலையில் எழுதியது கொஞ்சம் அதிகப்பிரசங்கம். தவறான முகவரித் தொல்லை போகும். உறுதிப்படுத்திச் சேர்ந்து இரண்டு வருடம் ஆசையாகப் படித்தவரும் ஒருநாள் சலித்து ஸ்பாமை அழுத்துவார். என் 14 பேரில் ஒன்பது பேர் அப்படி உறுதிப்படுத்திச் சேர்ந்தவர்கள்.

3 மே 2025

15 மார்ச் அன்று ‘நிரந்தரமாகப் போனவர், திரும்ப எடுக்கக் கூடாது’ என்று கறாராக எழுதினேன். அதை வாபஸ் வாங்க வைத்துவிட்டார் ஒரு வாசகர்.

ஏழு வருடப் பழக்கம், ஒவ்வொரு மடலுக்கும் பதில் எழுதுவார். அவரிடமிருந்து ஒரு புகார் அறிக்கை வந்தது. நிரல் தானாகவே எடுத்துவிட்டது. எனக்கு மனது கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் என் விதியே எழுதாதே என்பது, எழுதவில்லை. மூன்று வாரம் கழித்து அவரே எழுதினார், ‘என் பெயரை ஏன் வெட்டினீர்கள், நான் போன தடவை குறை சொன்னதாலா?’ என்று. நடந்தது இது: தன் மடல்களை எல்லாம் வீட்டில் இன்னொருவர் கணக்குக்கும் தானாகவே போகும்படி வைத்திருந்தார். அந்த இன்னொருவர் அழுத்தியிருக்கிறார். என் டிகிம் கையொப்பமும் குறியீடும் அந்த நகலிலும் அப்படியே இருந்ததால் அறிக்கை இவர் பெயரில் வந்தது.

என் படிவத்தில் மறுபடி சேரச் சொன்னேன். சேர முடியவில்லை. தடுப்புப் பட்டியல் அவரை உள்ளே விடவில்லை, அதுவும் ‘நன்றி, சேர்ந்துவிட்டீர்கள்’ என்று பொய் சொல்லிவிட்டு. அப்படி எழுதியவன் நான்.

எனவே திருத்தம்: நாம் திரும்ப எடுக்கக் கூடாது, அவராக வந்து படிவத்தை நிரப்பி உறுதிப்படுத்தும் இணைப்பையும் தட்டினால் தடுப்பு விலக வேண்டும். எக்செல் கோப்பு வழியாக வந்தால் மட்டும் கதவு சாத்தியே இருக்கட்டும்.

4 மே 2025

‘அப்படியானால் நீண்ட நாள் வாசகர்களுக்கு மட்டும் எழுதிக் கேட்கலாமா?’ என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். வேண்டாம். எனக்கு ஆசைதான், இருந்தாலும் வேண்டாம். இவர் ஒருவர் விஷயத்தில் சரியாக இருந்திருக்கும், அவ்வளவுதான். அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்றே நமக்குத் தெரியாது.

18 மே 2025

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு வருடமாக எதையும் திறக்காத 1,150 பேருக்கு ‘தொடர வேண்டுமா’ என்று ஒரே ஒரு மடல் அனுப்பி, பதில் இல்லாதவர்களை எடுத்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். 90 பேர் தொடர்கிறார்களாம். 1,060 பேரை வெட்டும்போது கை நடுங்கியிருக்கும், எனக்கும் நடுங்கியது.

அந்தக் கூட்டத்தில் புகார் செய்யாத ஆபத்தும் இருந்திருக்கும். ஆள் கைவிட்ட பழைய முகவரியை மெயில் நிறுவனமோ தடைப்பட்டியல்காரரோ பொறியாக மாற்றிவைப்பதுண்டு. அதற்கு மடல் போனால் யாரும் பொத்தானை அழுத்த மாட்டார்கள், அறிக்கை வராது, நேராகத் தடைதான்.

‘திறக்காதவர்’ என்ற கணக்கைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்திருக்கலாம். படத்தைத் தடுத்துவிட்டுப் படிக்கிறவர்கள் திறந்ததாகப் பதிவாக மாட்டார்கள். 2021-க்குப் பிறகு ஆப்பிள் மெயில் பயன்படுத்துகிற பலர் திறக்காமலே திறந்ததாகப் பதிவாகிறார்கள், அவர்களுடைய படங்களை ஆப்பிளே முன்கூட்டி இறக்கிவைப்பதால். நானானால் இணைப்பைத் தட்டியவர்களையும் பதில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்திருப்பேன். போனது போகட்டும்.

1 ஜூன் 2025

நான்கு மடல் போயிற்று, மொத்தம் ஒரே ஒரு புகார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒருவர் யார், ஏன் செய்தார், அவருக்கு மட்டும் எழுதிக் கேட்கட்டுமா என்று மறுபடியும்!

3 ஜூன் 2025

தெரிந்துவிட்டதாம். லூப் வேலை செய்கிறதா என்று பார்க்க, தன் இரண்டாவது கணக்கிலிருந்து தானே அழுத்திப் பார்த்து மறந்துபோயிருக்கிறார். அடுத்த வாரம் அந்தக் கணக்குக்கு மடல் வரவில்லை என்றதும் அனுப்பும் சேவை பழுதாகிவிட்டது என்று அவர்களுக்கே புகார் எழுதியிருக்கிறார்.

படிவம் இருக்கிறது, அதிலேயே மறுபடி சேர்ந்துகொள்ளுங்கள். உறுதிப்படுத்தும் இணைப்பைத் தட்ட மறக்காதீர்கள்.